ஊருக்குப் பாட்டு, அவளுக்குப் பேச்சு

அத்தியாயம் 11

"வாயில என்ன கொழுக்கட்டையா இருக்கு?" என்று மைதீன் பீவி கேட்டாள்.

இடியாப்பத்துக்குத் தேங்காய்ப் பால் வேண்டுமா, கறி ஆணம் வேண்டுமா என்பதுதான் விஷயம். கணவர் ஜலால் கையை நீட்டிப் பாத்திரத்தைக் காட்டினார். இரண்டு பாத்திரமும் ஒட்டி ஒட்டி இருந்ததால் எதைக் காட்டுகிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டாள். மறுபடியும் கையைத்தான் காட்டினார். ஆத்திரத்தில் இரண்டையும் சேர்த்து ஊற்றிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு அதையே சாப்பிட்டார்.

புதன்கிழமையிலிருந்து இந்தக் கூத்துதான் நடக்கிறது. காஜிமார் தெரு மாடி வீட்டின் படி ஏறியதும் மனிதருக்கு வாய் பூட்டிக்கொள்ளும். கீழே இறங்கினால் திறந்துகொள்ளும். விளக்குத்தூண் பக்கத்துக் கைலிக் கடையில் அவர் எப்போதும்போலப் பேசுகிறார், பேரம் பண்ணுகிறார் என்று பக்கத்துக் கடைக்காரரின் சம்சாரம் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அதிலிருந்து மைதீன் பீவிக்கு வயிறு எரிந்தது. ஊரோடு பேசுகிறவருக்கு வீட்டில் பேச என்ன கேடு?

அவளைக் குறை சொல்ல முடியாது. மகன் முபீன் மௌத்தாகி இரண்டு மாதம் தாண்டிவிட்டது. திண்டுக்கல்லில் கச்சேரி முடித்துவிட்டுத் திரும்புகிற வழியில், வாடிப்பட்டிக்குப் பக்கத்தில், விளக்கில்லாமல் நின்ற லாரியில் பைக்கோடு போய் மோதினான். சொந்தமாகப் பாட்டு எழுதிப் பாடுவான். அதைவிட, பழைய சினிமாப் பாட்டுகளை அவன் குரலில் திரும்பப் பாடிப் போட்ட வீடியோக்களுக்குத்தான் கூட்டம் அதிகம். அந்தக் கூட்டம் இன்னும் அழுதுகொண்டிருந்தது.

மைதீன் பீவி அவ்வளவாக அழவில்லை. கணவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் கைவேலையைப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். மின்சாரக் கட்டணத்தைப் பற்றிப் பேசினாலும் சரி, மீன் விலையைப் பற்றிப் பேசினாலும் சரி, கேட்டுக்கொண்டிருப்பாள். அத்தா குரலும் மகன் குரலும் அப்படி ஒன்று. போனில் ஹலோ சொன்னால், பெரியவரா சின்னவரா என்று கேட்டுவிட்டுத்தான் சொந்தக்காரர்கள் மேலே பேசுவார்கள். மகன் போன பிறகு அவளுக்கு மீதம் கிடைத்தது அந்த ஒன்றுதான். அதையும் மனிதர் பூட்டி வைத்துக்கொண்டார்.

ஏன் பூட்டினார் என்பது அவளுக்குத் தெரியாது. போன வாரம் படித்த நமக்குத் தெரியும்.

புதன்கிழமை மத்தியானம் மைதீன் பீவி குளிக்கப் போயிருந்த நேரம், மருமகள் ஹஃபீஸா ஜலாலை உள் அறைக்குக் கூப்பிட்டாள். அவள் கணவன் இறந்த துக்கத்துக்கான இத்தாவில் இருக்கிறாள். நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது, நகை நட்டு கூடாது, வெள்ளைச் சேலை. அவள் அந்தப் பத்துக்குப் பத்து அறையில் ஜன்னலையும் சாத்திக்கொண்டுதான் இருந்தாள். தெருவில் போகிற ஆட்டோக்களில் முபீன் பாடிக்கொண்டே போவான் என்பதுதான் காரணம்.

"மாமா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்கிடாதீங்க" என்று ஆரம்பித்தாள். "அவுக பாட்டு எம்புட்டோ இருக்கு. ஊரே வச்சிருக்கு. பேசுனது எங்கயும் இல்ல. கேமராவுல பேச வெக்கப்படுவாக. மெசேஜும் எழுதித்தான் போடுவாக. அவுக பேச்சு இருக்கிறது என் ஞாபகத்துல மட்டுந்தான்."

ஜலால் கேட்டுக்கொண்டு நின்றார்.

"நேத்து நீங்க அடுப்படியில தண்ணி கேட்டீங்க. அவுக கேட்ட மாதிரியே இருந்துச்சு. அது பரவாயில்ல மாமா. ராத்திரி படுத்துக்கிட்டு, அவுக எப்படித் தண்ணி கேப்பாகன்னு நெனச்சுப் பாத்தேன். உங்க மொகம் வருது. அவுக மொகம் வரல."

அதற்கு மேல் அவள் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் கேட்டாள். தான் இத்தா முடிந்து வில்லாபுரத்துத் தாய்வீட்டுக்குப் போகிற வரைக்கும் வீட்டுக்குள் பேசாமல் இருக்க முடியுமா என்றாள். ஜலால் வாயைத் திறக்கப் போனவர், திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினார். அந்த நிமிடத்திலேயே அவருடைய பேச்சு நின்றது.

மனைவியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் மைதீன் பீவி நேராக அந்த அறைக்குப் போவாள், பெற்றவளுக்கு இல்லாத உரிமை உனக்கு என்னடி என்பாள். ஒருத்திக்கு அந்தக் குரல் வேண்டும், ஒருத்திக்கு வேண்டாம். இருப்பதோ ஒரே தொண்டை. இருதலைக் கொள்ளி எறும்பாக அவர் நடுவில் மாட்டிக்கொண்டார்.

இடியாப்பத்தை முடித்துக் கையைக் கழுவிவிட்டு ஜலால் படி இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை அரை நாள் கடை உண்டு.

கடையில் வேறு விதமான தொல்லை. மகன் இறந்த பிறகு வியாபாரம் கூடியிருந்தது. இது அல்லாவின் ஆறுதலோ என்றுகூட முதலில் நினைத்தார். பிறகுதான் வருகிறவர்களை உற்றுப் பார்த்தார். தல்லாகுளம், அண்ணா நகர்ப் பக்கத்திலிருந்து பெண்கள் வந்தார்கள். கட்டம் போட்ட கைலியைக் கையில் வைத்துக்கொண்டு சாயம் போகுமா, சுருங்குமா, எந்த ஊர்ச் சரக்கு என்று ஓயாமல் கேட்டார்கள். அவர் பதில் சொல்லும்போது கைலியைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

வெங்கட்ரமணன் என்ற ஓய்வுபெற்ற பேங்க் அதிகாரி மட்டும் அரை டஜனுக்கு மேல் வாங்கிவிட்டார். பிறந்ததிலிருந்து வேட்டி தவிர வேறு கட்டாத மனிதர். அவருக்குத்தான் கடைசியில் மனசு கேட்கவில்லை.

"பாய், உங்க பையன் பாடித்தான் நாங்க கேட்டிருக்கோம். பேசிக் கேட்டதில்லை. நீங்க பேசறச்சே, அவன் பேசினா இப்படித்தான் இருக்கும்னு தோண்றது. அதுக்காகத்தான் எல்லாரும் வராங்க. மன்னிச்சுடுங்கோ" என்று உண்மையைக் கக்கிவிட்டார்.

ஜலாலுக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை. அந்தக் குரலுக்காக மகனோடு பேச்சை முறித்துக்கொண்டவர் அவர். அல்லா கொடுத்த தொண்டை பள்ளிவாசலில் பாங்கு சொல்லத்தான், மண்டபம் மண்டபமாகப் போய்ப் பாட அல்ல என்று ஒரு நாள் சொன்னார். முபீன் பதில் சொல்லவில்லை, பாட்டையும் விடவில்லை. அதற்குப் பிறகு ஒரே வீட்டில், ஒரே தட்டில் கறி எடுத்துக்கொண்டு, இரண்டு பேரும் மைதீன் பீவி வழியாகத்தான் பேசினார்கள். இவனுக்குச் சோறு போடு என்பார் இவர். அத்தாவுக்கு மாத்திரை எடுத்துக் குடுங்கம்மா என்பான் அவன். மகனுடைய ஒரு பாட்டைக்கூட ஜலால் முழுதாகக் கேட்டதில்லை. மௌத்தான பிறகும் கேட்கவில்லை. இனிமேல் கேட்பதற்கு எந்த முகம் இருக்கிறது என்று விட்டுவிட்டார்.

அந்த ஞாயிறு கடை மூடுகிற நேரத்தில் வெங்கட்ரமணன் தன் மகள் மைத்ரேயியோடு வந்து நின்றார். முபீனின் ரசிகர்கள் பக்கத்தை இணையத்தில் நடத்துவது அந்தப் பெண்தான். தல்லாகுளத்தில் ஒரு மண்டபத்தில் முபீனுக்கு நினைவுக் கூட்டம். ஜலால் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தால் போதும் என்றார்கள். வேலை இருக்கிறது என்று அவர் ஷட்டரை இழுத்தார். மைத்ரேயி ஒன்றும் கெஞ்சவில்லை.

"படத்துக்கு மாலை போட்டிருந்தோம் அங்கிள். உங்க வழக்கத்துல கூடாதுன்னு தெரிஞ்சதும் எடுத்துட்டோம். வேற ஏதாவது தப்பா பண்ணியிருந்தா வந்து சொல்லுங்க" என்றாள்.

ஜலாலுக்கு அந்த இடத்தில் பிடிவாதம் தளர்ந்தது. வீட்டுக்குப் போனாலும் ஊமையாகத்தான் உட்கார வேண்டும். பூட்டைப் போட்டுவிட்டு அவர்கள் காரில் ஏறிக்கொண்டார்.

மண்டபத்தில் அத்தனை கூட்டத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். மேடையில் அவன் படம், அவன் கிதார், ஒரு காலி ஸ்டூல். காளை என்ற ஆட்டோக்காரர் மைக்கைப் பிடித்தார்.

"பழைய பாட்ட எல்லாருந்தான் பாடுறாங்க. நல்லாவும் பாடுறாங்க" என்றார். "எங்கண்ணே பாடுனா, மொதல்ல பாடுனவருகிட்ட அனுமதி கேட்டுட்டுப் பாடுற மாதிரி இருக்கும். அவரவிட ஒரு படி கீழ நின்னே பாடுவாரு. அதனாலதான் மேல தெரிஞ்சாரு. எனக்கு அம்புட்டுத்தான் சொல்லத் தெரியும்."

அவரை அடுத்து வந்த பாண்டிமீனா என்ற பெண்மணி, கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்தில் ராத்திரி முழுக்க முபீன் பாட்டை அவர் காதில் வைத்திருந்ததாகச் சொன்னாள். கணவர் பிழைக்கவில்லை. இருந்தாலும் பயப்படாமல் போனார் என்றாள். ஜலால் தலையைக் குனிந்துகொண்டார். தன் மகனை இத்தனை பேருக்குத் தெரிந்திருக்கிறது, தனக்கு மட்டும்தான் தெரியவில்லை என்ற நினைப்பு அவரை அறுத்தது.

பிறகு விளக்கை அணைத்து, திரையில் வீடியோ போட்டார்கள். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. எல்லாரும் திரும்பத் திரும்பப் பார்த்த வீடியோ அது.

ஜலால் வீட்டு மொட்டை மாடிதான். கொடியில் ஜலாலின் பனியன் காய்கிறது. கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் முபீன் கிதாரோடு உட்கார்ந்து, ஊருக்கெல்லாம் தெரிந்த ஒரு பழைய சினிமாப் பாட்டைப் பாடுகிறான். யாருக்கோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோலத் தாழ்ந்த குரல். எங்கோ குக்கர் விசில் அடிக்கிறது, புறா படபடக்கிறது. அவன் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவது சரணத்தின் நடுவில், பள்ளிவாசலிலிருந்து சாயங்காலத்து அஸர் பாங்கு கிளம்புகிறது.

முபீன் ஒரு சொல்லின் பாதியில் நிறுத்தினான். கிதார்க் கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்து அமர்த்தினான். கண்ணை மூடிக்கொண்டான். பாங்கு முடிகிற வரைக்கும் அசையவில்லை. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் அவன் உதடு மட்டும் மெல்ல அசைந்தது. முடிந்ததும் கண்ணைத் திறந்து, விட்ட சொல்லின் மறுபாதியிலிருந்து பாட்டை எடுத்தான். சுருதி இம்மியும் விலகவில்லை.

"இந்த இடத்துக்காகவே இதை எத்தனை தடவை பார்த்திருப்பேன் தெரியுமா பாய்" என்று வெங்கட்ரமணன் காதோரம் சொன்னார். "அந்தப் பாங்கு சொல்றவரும் சாமான்யப்பட்டவர் இல்லை. யாரு அந்த மோதினார்?"

மோதினார் அந்த மாதம் திருவாதவூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அவருக்குப் பதிலாகப் பாங்கு சொன்னது ஜலால்.

தொழுதுவிட்டு அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர், மனைவியைக் கூப்பிட்டு, மாடியில் உட்கார்ந்து கத்துகிறவனைக் கீழே இறங்கச் சொல், நாலு பேர் பார்க்கிறார்கள் என்று சொன்னார். அவன் இறங்கி வந்தான். அத்தா பாங்கு சொன்னீங்களே, கேட்டேன் என்று அவன் சொல்லவில்லை. சொல்ல இவர் இடம் வைத்திருக்கவில்லை. மகன் தன்னை மதிக்கவில்லை என்று அத்தனை காலம் மனசுக்குள் வைத்துக் கருவியவர், அவன் தனக்காகப் பாட்டை நிறுத்திக் காத்திருந்ததை ஊரார் நடுவில் உட்கார்ந்து பார்த்தார்.

விளக்கைப் போட்டபோது மைத்ரேயி பக்கத்தில் வந்து நின்றாள். முபீன் எழுதிய கடைசிப் பாட்டில் முதல் சரணம் வரைக்கும்தான் அவன் குரலில் இருக்கிறது, கடைசி நாலு வரியைத் தனக்கு எழுதி அனுப்பினானே தவிரப் பாடவில்லை என்றாள். அந்த வரிகள் அவள் செல்போனில் இருந்தன. பாட வேண்டாம், வாசித்தால் போதும் என்றாள்.

வேறொரு நாளாக இருந்தால் ஜலால் எழுந்து போயிருப்பார். அன்றைக்கு அவர் எதையும் மறுக்கிற நிலையில் இல்லை. மேடையேறி மைக்கின் முன்னால் நின்று, போனைக் கண்ணுக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு வாசித்தார்.

"வாசல் லைட்ட அணைச்சிராதே,
வழி எனக்குத் தெரியணும்.
சோத்த மூடி வச்சுட்டுத் தூங்கு,
சூடு போனாலும் திங்கிறேன்."

கடைசி வரியில் தொண்டை அடைத்தது. அடைத்ததால் குரல் இன்னும் தாழ்ந்து, அவன் குரலாகவே ஆகிவிட்டது. மண்டபத்தில் ஒருவரும் கை தட்டவில்லை. சுவரோரம் நின்ற ஒரு பெண் உட்கார்ந்துவிட்டாள். ஜலால் மகன் செத்த அன்று அழவில்லை, ஜனாஸாவைத் தூக்கும்போது அழவில்லை. அந்த மேடையில் நின்று அழுதார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான், பின்வரிசையில் ஹஃபீஸாவின் தம்பி முகமது யாசீன் நிற்பது தெரிந்தது. அவன் கண்ணும் சிவந்திருந்தது. அக்காவிடம் போய்ச் சொல்லிவிடுவானோ என்று ஜலால் பயந்தார். பிறகு தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டார். வீட்டுக்குள் பேச மாட்டேன் என்றுதான் தலையாட்டினோம், இது மண்டபம்தானே என்று நினைத்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

வெங்கட்ரமணன் காரில் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னதை மறுத்துவிட்டு, ஜலால் ஆட்டோ பிடித்து நேராக மகனை அடக்கியிருந்த கபர்ஸ்தானுக்குப் போனார். துஆ ஓதினார். பிறகு மகனிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வெகுநேரம் நின்றார். அவனோடு நேராகப் பேசிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

அவர் அங்கே நின்றுகொண்டிருந்த நேரத்தில், மைத்ரேயி தன் வீட்டில் உட்கார்ந்து, முபீன் பாடிய முதல் சரணத்தோடு மைக்கில் பதிவாகியிருந்த ஜலாலின் நாலு வரியைச் சேர்த்து ஒட்டினாள். கைத்தேர்ச்சி உள்ள பெண். எங்கே ஒட்டியது என்று தெரியாது. அதன் மேல் முபீனின் படத்தைப் போட்டு, 'முபீன் - கடைசி வரிகள்' என்று எழுதி அனுப்பினாள். வாசித்தது யார் என்று எழுத வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும்தான் தெரியுமே என்று நினைத்திருக்கலாம். ஆனால் வாட்ஸ்அப்பில் வருகிறவர்கள் எல்லாரும் மண்டபத்திலிருந்தா வருகிறார்கள்?

சுற்றிச் சுற்றி அது மைதீன் பீவியின் போனுக்கு வந்து சேர்ந்தது. திருவாதவூரிலிருந்து அவளுடைய சித்தி மகள் அனுப்பியிருந்தாள். கூடவே, 'உங்க மகன் பேசுறான் கேளுங்க' என்று ஒரு வரி.

மைதீன் பீவி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அமுக்கினாள். பாட்டு வந்தது. பாட்டு அவளுக்குப் புதிது இல்லை. பிறகு பாட்டு நின்று பேச்சு வந்தது. வாசல் லைட்ட அணைச்சிராதே. அவள் அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்தாள்.

இங்கே ஒரு கேள்வி வரும். முப்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தினவளுக்குத் தன் புருஷன் குரல் தெரியாதா? தெரியும். ஆனால் அந்தப் புருஷன் முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு நாள்கூட, நீ தூங்கு, நான் ஆறிப்போனதைச் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று அவளிடம் சொன்னது கிடையாது. இப்படி இளகிப் பேசுகிற ஆள் ஜலாலாக இருக்கும் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்? அப்படிப் பேசுகிற ஒரே ஆண்பிள்ளை அவள் பெற்ற பிள்ளைதான்.

"ஹஃபீஸா, ஏ ஹஃபீஸா" என்று கூவிக்கொண்டே உள் அறைக்கு ஓடினாள்.

பாட்டு ஆரம்பித்ததும் ஹஃபீஸா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். வேண்டாம் மாமி, எடுத்துக்கிட்டுப் போங்க என்றாள். மைதீன் பீவி போகவில்லை. பேச்சு வந்தது. ஹஃபீஸா எழுந்து உட்கார்ந்தாள்.

"திரும்பப் போடுங்க."

திரும்பப் போட்டாள். மறுபடி கேட்டாள், மறுபடியும் போட்டாள். நாலாவது தடவை போனைத் தானே வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.

"இது பாட்டு இல்ல மாமி" என்றாள். "கச்சேரிக்குப் போற அன்னிக்கெல்லாம் அவுக போன்ல எனக்குச் சொல்றது. இதே மாதிரிதான் சொல்லுவாக. கடைசியில இப்படித்தான் கொரல் கம்மும், தூக்கத்துல. எனக்கு மறந்துபோச்சுன்னு நெனச்சேன் மாமி. மறக்கல."

இரண்டு பெண்களும் கட்டிக்கொண்டு அழுதார்கள். இரண்டு மாதமாக ஒரே துக்கத்தை ஆளுக்கொரு அறையில் வைத்துக்கொண்டிருந்தவர்கள். அழுது முடித்தபின் ஹஃபீஸா ஒரு வார்த்தை சொன்னாள். மாமி, பசிக்குது என்றாள். அந்த வீட்டில் அவள் அப்படிச் சொல்லி இரண்டு மாதம் ஆகியிருந்தது. மைதீன் பீவி காலையில் மீந்த இடியாப்பத்தைச் சூடாக்கி, தேங்காய்ப் பாலை ஊற்றிப் பிசைந்து அவளே ஊட்டிவிட்டாள். ஹஃபீஸா எழுந்து ஜன்னலைத் திறந்தாள்.

அப்போது அவளுடைய போன் அடித்தது. தம்பி யாசீன். தல்லாகுளத்துக் கூட்டத்தில் மாமாவைப் பார்த்ததாகவும், அவரைப் பற்றி ஒரு விஷயம் நேரில் சொல்ல வேண்டியிருப்பதாகவும், கிளம்பி வந்துகொண்டிருப்பதாகவும் சொன்னான். சீக்கிரம் வா, உனக்கும் ஒண்ணு கேக்க வைக்கணும் என்றாள் ஹஃபீஸா.

மஃரிப் தொழுதுவிட்டு ஜலால் படியேறி வந்தார். வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு மாதமாக அதை யாரும் போடவில்லை. உள்ளே கால் வைத்தவர் நின்றுவிட்டார். ஹஃபீஸா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். சாப்பிட்ட தட்டு பக்கத்தில் இருந்தது. மைதீன் பீவி சிரித்துக்கொண்டே எழுந்து வந்தாள்.

"இங்க வாங்க, உங்க மகன் பேசுறான், கேளுங்க" என்று போனை அவர் காதருகில் நீட்டினாள்.

ஜலால் கேட்டார். மகன் பாடினான். பிறகு, மகனுக்குப் பின்னால், அவர் பேசினார்.

தன் குரலைத் தானே கேட்பவனுக்கு முதலில் அது அந்நியமாகத்தான் இருக்கும். அவருக்கும் ஒரு கணம் மகன்தான் பேசுகிறானோ என்று இருந்தது. அந்த ஒரு கணம் அவரும் அவர்களோடு சந்தோஷமாக இருந்தார். அடுத்த கணம் மண்டபமும் மைக்கும் ஞாபகம் வந்தன. கதவைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க இருந்து எடுத்தாகளாம்? உங்களுக்குத் தெரியுமா? நீங்களுந்தான அந்தக் கூட்டத்துக்குப் போனீங்களாம், யாசீன் சொன்னானாம்" என்று மைதீன் பீவி கேட்டாள்.

அவர் தலையைக்கூட ஆட்டவில்லை. ஆமென்றால், பேசியது மகன்தான் என்று எடுத்துக்கொள்வார்கள், அது ஒரு பொய். இல்லையென்றால் இன்னொரு பொய். வாயைத் திறந்தாலோ, என்ன சொன்னாலும், அது தானாக உண்மையைச் சொல்லிவிடும். மகனோடு பேசாமல் இருந்ததற்கு அல்லா இப்படியா கணக்குத் தீர்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

ஹஃபீஸா எழுந்து வந்து அவர் முன்னால் நின்றாள். முகம் கழுவியிருந்தாள். அந்த முகத்தில் இருந்த வெளிச்சத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

"மாமி, மாமா பேசாம இருந்ததுக்கு நாந்தான் காரணம். நாந்தான் பேச வேணாம்னு கேட்டுக்கிட்டேன். என்னைய மன்னிச்சிருங்க" என்று முதலில் மாமியாரிடம் சொன்னாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "இனி நீங்க தாராளமாப் பேசுங்க மாமா. எனக்கு இப்பப் பயமில்ல. அவுக பேச்சு எனக்குத் தனியாக் கெடச்சிருச்சு. இனிமே ரெண்டும் கலக்காது."

மைதீன் பீவிக்கு மருமகள்மேல் வர வேண்டிய கோபம் வரவில்லை. அன்றைக்கு அவள் யார்மேலும் கோபப்படுகிற நிலையில் இல்லை. பேசுங்களேன், அவதான் சொல்றாள்ல என்று கணவரின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

ஜலால் கூஜாவை எடுத்துத் தண்ணீர் குடித்தார். தேவைக்கு மேல் குடித்தார். பேசாமலே இருந்துவிட முடியாதா? இத்தா முடிகிற வரைக்கும், அவள் வில்லாபுரம் போகிற வரைக்கும், மௌத்தாகிற வரைக்கும்? அவர் நினைத்தால் முடியும். ஒரு பிள்ளையைச் சாப்பிட வைத்த பொய்யை, ஊமையாக இருந்து காப்பாற்றலாம்.

கீழே பைக் வந்து நின்றது. யாசீனின் பைக். எஞ்சினை அணைத்த சத்தமும், ஸ்டாண்டு போட்ட சத்தமும் திறந்த ஜன்னல் வழியாகக் கேட்டன.

தம்பி வந்துட்டான் என்று ஹஃபீஸா வாசலைப் பார்த்தாள். படியில் செருப்புச் சத்தம் ஏறியது. அவன் வந்து, மாமா மேடையில் வாசித்ததைக் கேட்டு நானே அழுதுட்டேன் என்று, நல்லது செய்வதாக நினைத்துச் சொல்லப் போகிறான். அடுத்தவன் வாயால் அவள் அதைக் கேட்கக் கூடாது என்று ஜலாலுக்குப் பட்டது. மகனுக்குச் செய்யாததை இவளுக்காவது செய்ய வேண்டும். நேராகச் சொல்ல வேண்டும்.

"தாயி" என்றார்.

அதற்கு மேல் குரல் எழும்பவில்லை. மேடையில் அடைத்ததுபோலவே அடைத்தது, அதே இடத்தில், அதே மாதிரி.

மைதீன் பீவி கையிலிருந்த போனைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். உலுக்கிக்கொண்டிருந்த கையை மெல்ல எடுத்துக்கொண்டாள்.

ஹஃபீஸா வாசலிலிருந்து திரும்பினாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க மாமா" என்றாள். அவள் முகத்தில் அந்த வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மீதம் இருந்தது.